முதலாம் இலக்கம்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் மஹ்ரூப். அதற்குப் பிறகு செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மின்சார இலாகாவின் ஓவர்சியர் இருக்கிறான், என் தங்கை புருஷன் இருக்கிறான், ஆனால் வரிசையில் முதல் ஆள் மஹ்ரூப்தான். அவன் இப்போது உள்ளே படுத்திருக்கிறான், குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் அவன் வீட்டு முற்றத்தில், தறப்பாளுக்குக் கீழே, சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். காலையில் நௌபர் ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, "முத்தண்ணே, மஹ்ரூப் ஹாஜியார் மவுத்தாம்" என்றபோது என் வாயில் பல் துலக்கிய நுரை இருந்தது, துப்ப மறந்து அப்படியே நின்றேன், எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, இனிமேல் யார் வந்து சொல்லப் போகிறார்கள் என்ற நினைப்புத்தான் வந்தது. மருமகள்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். வலது கை கொஞ்ச நாளாக இப்படித்தான், சீனி வியாதி என்று கிளினிக்கில் சொன்னார்கள், அதுவாகத்தான் இருக்கும். உள்ளே போய் முகத்தைப் பார்த்தேன். தாடையோடு சேர்த்து வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டியிருக்கவே வேண்டாம், என்னைப் பொறுத்தவரை நாற்பது வருஷமாக அது கட்டித்தான் இருந்தது. இப்படி நினைக்கக் கூடாது, மையித்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைக்கக் கூடாது, ஆனால் நினைப்புக்கு யார் தடை போட முடியும், அது வந்து உட்கார்ந்துகொள்கிறது, எனக்கு முன்னாலேயே கதிரை பிடித்துவிடுகிறது.

பக்கத்தில் பேச்சு நடக்கிறது. செத்த வீட்டில் பேசக் கூடாது என்று முதலில் குரலைத் தாழ்த்தித்தான் தொடங்கினார்கள், மஹ்ரூபைப் பற்றித் தொடங்கினார்கள், மஹ்ரூப் என்றால் ரகர், அதுதான் ரக்பி, ரகர் என்றால் அடுத்த மாதம் போகப் போகிற இலங்கை அணி, அங்கே வந்து நின்றுவிட்டது. மற்ற எல்லா இடத்துக்கும் ஆள் எடுத்தாகிவிட்டது, முதலாம் இலக்கம் மட்டும் இழுபறி, நாளைக் காலைக்குள் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்க வேண்டியவன் ரத்னபால, தெரிவுக் குழுக்காரன், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக எனக்கு எதிரே உட்கார்ந்து கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பொடியன்கள். ஒருவன் மஹ்ரூபின் பேரன் ஷாகிர். மற்றவன் கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பொடியன் விதுர்ஷன். "ஹாஜியாரிட வூட்ல ஈந்துகொண்டு இதச் செல்லக் கூடாது, ஆனா விதுர்ஷனத்தான் போடோணும்" என்கிறான் நௌபர். "அவன் ஸ்க்ரம்ல நிண்டா தேயிலச் செடி மாதிரி, ஒத்தருக்கும் புடுங்கேலாது." பீரிஸ் சிரிக்கிறான், எங்கள் காலத்தில் விங்கில் ஓடியவன், இப்போது கைத்தடி வைத்திருக்கிறான், வாய் மட்டும் இன்னும் ஓடுகிறது. "செடிய ஏன்டா புடுங்கணும், சுத்திக்கொண்டு போகலாமே. அவன் ஓடி வாறதுக்குள்ள அடுத்த பக்கம் ட்ரையும் வெச்சு பிளேன்டியும் குடிச்சு முடிச்சிருவான். ஷாகிர் ஓடுவான், தூக்குவான், முட்டுவான். ஷாகிர்தான்." "பீரிஸ் மாத்தயா, முதலாம் நம்பர் ஓடுறதுக்கில்ல, முட்டுறதுக்கு." "நீ ஓட்டோவ உருட்டுடா, ஆள எங்களுக்கு விடு." ரத்னபால கைபேசியிலிருந்து தலை நிமிர்கிறான். அவன் பேச்சைக் கேட்கவில்லை, என்னைப் பார்க்கிறான். எனக்குத் தெரியும் ஏன் பார்க்கிறான் என்று. அவன் விளையாடிய காலத்தில் வரிசையின் கடைசியில் நின்றவன், ஸ்க்ரம்முக்குள் தலை வைத்ததில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. என்னிடம் கேட்பான். இன்றைக்குக் கேட்பான்.

உள்ளே என்ன நடக்கிறது. இரண்டு அணியும் குனிந்து தலை கோத்து முட்டித் தள்ளும், பந்து நடுவில். எங்கள் பக்கம் மூன்று பேர் முன்னால். நடுவில் ஹூக்கர், அவன் மஹ்ரூப். அவனுக்கு இடப்பக்கம் முதலாம் இலக்கம், அது நான். வலப்பக்கம் இன்னொருவன், அவன் குவைத்துக்குப் போய் அங்கேயே செத்துவிட்டான். மஹ்ரூபின் இடது கை என் கழுத்தைச் சுற்றிக் கிடக்கும், என் வலது கை அவன் முதுகைச் சுற்றிப் போய் விலாப் பக்கத்தில் ஜேர்சியைப் பிடித்திருக்கும், நான் பிடித்திருப்பதால்தான் அவன் காலைத் தூக்கிப் பந்தைக் கொக்கி போட்டு இழுக்க முடியும், நான் விட்டால் அவன் விழுவான், பின்னாலிருந்து வருகிற பாரம் முழுக்க அவன் தலையில் இறங்கும். அவன் கழுத்து வேர்வை என் காதில் வழியும். அவன் சாப்பிட்டது எனக்குத் தெரியும், எனக்குக் காய்ச்சல் என்றால் அவனுக்குத் தெரியும். என் பெண்சாதிக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், மின்சாரக் கம்பம் தூக்கிக்கொண்டிருந்தவன், இலாகாவில் அவன் கிளார்க், மேசைக்காரன், என் தோளைப் பார்த்துவிட்டுக் கம்பத்துக் கோஷ்டியிலிருந்து என்னை அழைத்துக்கொண்டு போய் மைதானத்தில் விட்டவனும் அவன்தான். "சங்கிலி, நீ கம்பம் தூக்கினது போதும், இனி ஆள் தூக்கு" என்றான். சங்கிலிமுத்து என்ற பேரில் எல்லோரும் முத்துவை எடுத்துக்கொண்டார்கள், அவன் மட்டும் சங்கிலியை எடுத்துக்கொண்டான். கொண்டுபோய் விட்டவனே வெட்டினான் என்றால் எப்படி இருக்கும். வேறு எவனாவது வெட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். ஓவர்சியரை நான் பாதி மறந்துவிட்டேன்.

பேங்கொக்குக்குப் போகிற அணி அது. என் பெயர் இருந்தது. பெயர் இருந்தது மட்டுமல்ல, கோட்டுக்கு அளவெடுத்தார்கள், கண்டியில் ஒரு தையற்கடை மாடியில், கடும் நீல பிளேசர், பையில் சிங்கம் வைத்துத் தைப்பது. தையற்காரர் என் கழுத்தை அளந்துவிட்டு நாடாவை இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார், "மாடா, மனுஷனா?" என்று கேட்டார், மஹ்ரூப் விழுந்து விழுந்து சிரித்தான், நானும் சிரித்தேன். என் பெண்சாதி தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், என் அப்பா தோட்டத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டார், தோட்டத்துக் கோயிலில் ஒரு அர்ச்சனை. பிறகு ஒரு சனிக்கிழமை இலாகாக் கன்டீனில் பெயர்களை வாசித்தார்கள், முதலாம் இலக்கம் என்று வந்த இடத்தில் வேறொரு பெயரை வாசித்தார்கள், நான் தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது, அந்தச் சிரிப்பு. எல்லோரும் பார்க்க, பல் தெரிய. மஹ்ரூப் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், அவன் பனிஸை உடைத்து டீயில் தோய்த்தான், தோய்த்த பனிஸ் கரைந்து கப்புக்குள் விழுந்தது, அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டின் கையைக் குறைத்து மற்றவனுக்குக் கொடுத்தார்களாம். கழுத்து அவனுக்குத் தொளதொளவென்று இருந்ததாம். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் பீரிஸ் குடித்துவிட்டுச் சொன்னான், "முத்து, ஒனக்குத் தெரியாதா, மஹ்ரூப்தான் போய்ச் சொன்னது, இவன்ட கழுத்து முடிஞ்சுது, கை பிடிக்குதில்ல எண்டு." அன்றைக்கு நான் சோற்றுக் கையோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கை பிடித்தது. சில நேரம் மரத்துப் போகும், தோளிலிருந்து மின்சாரம் மாதிரி ஒன்று இறங்கும், மூன்று விரல் செத்துப்போன மாதிரி இருக்கும், உதறினால் சரியாகிவிடும். நான் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். அது ஒன்றுமில்லாத விஷயம்.

ஷாகிர் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறான். நல்ல பொடியன், மஹ்ரூபின் நெற்றி, கண் அழுது வீங்கியிருக்கிறது, தாத்தாவை உப்பா என்றுதான் கூப்பிடுவான், உப்பாவின் பிள்ளை அவன், உப்பாவின் மடியில் வளர்ந்தவன். ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல். "அங்கிள், எடுங்க" என்று என்னிடம் நீட்டுகிறான், நான் இடது கையால் வாங்குகிறேன், அவனும் இடது கையால்தான் நீட்டுகிறான். இடது கையால் கொடுக்கிற வீடு இல்லையே இது. நான் நிமிர்ந்து பார்க்கிறேன். அவன் திரும்பிப் போகிறான், போகிற போக்கில் வலது கையைத் தொங்கவிட்டு உதறுகிறான், தண்ணீரை உதறுகிற மாதிரி, இரண்டு தரம், பிறகு விரல்களை மடக்கிப் பார்க்கிறான். கையில் தண்ணீர் இல்லை. அந்த உதறல் எனக்குத் தெரியும். அது என்னுடைய உதறல். கம்பத்துக்குப் பின்னால், கன்டீன் சுவருக்குப் பின்னால், கக்கூசுக்குள், ஒருவரும் பார்க்காத இடமாகப் பார்த்துப் பார்த்து நான் உதறியது. இவன் ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் உதறுகிறான். "பாத்தீங்களா தோள?" என்கிறான் பீரிஸ், "அந்தத் தோளுக்கு எந்தத் தேயிலச் செடியும் நிக்காது." ரத்னபால கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டான். கண்டிக் கடைத்தெருவில் வளர்ந்தவன், தமிழ் நன்றாகப் பேசுவான். "முத்து அண்ணே, நீங்க சொல்லுங்க. ரெண்டு பேரையும் பயிற்சியில பாத்திருக்கீங்க. யாரு?" எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு அறையில் ஏதோ ஒரு கதிரையில் இதே கேள்வியை மஹ்ரூபிடம் கேட்டிருப்பார்கள். அவன் எத்தனை நேரம் யோசித்தான். யோசித்தானா. "தூக்கப் போறாங்க" என்றேன் நான். "தூக்கட்டும். பிறகு சொல்றேன்."

சொன்னால் என்ன ஆகும். முத்து பழி தீர்த்தான் என்பார்கள், மையித்து குழிக்குப் போகுமுன்னே பேரன் தலையில் மண் போட்டான் என்பார்கள். தோட்டத்துக்காரன் தோட்டத்துப் பொடியனைத்தானே தூக்குவான் என்பார்கள். பீரிஸ் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிவான். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஸ்க்ரம் சரிந்தால் பொடியனின் கழுத்து ஒடியலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் என்னைப் போக விடவில்லை. இல்லை, அப்படி இல்லை, அப்படி நினைத்தால் மஹ்ரூப் நல்லவனாகிவிடுவான், இத்தனை வருஷமாக நான் சுமந்தது என்னத்தை. பேங்கொக்கில் எங்கள் ஸ்க்ரம் மழையில் சரிந்தது, முதலாம் இலக்கக்காரன் எழுந்து வந்துவிட்டான், அவனுக்கு நல்ல கழுத்து. எனக்கும் நல்ல கழுத்துத்தான், தையற்காரரைக் கேளுங்கள். தையற்காரரும் செத்துவிட்டார். யாரைக் கேட்பது. உள்ளே பெண்கள் அழுகிற சத்தம் திடீரென்று உயர்கிறது, முகத்தை மூடுகிறார்கள் போலிருக்கிறது.

மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். மஹ்ரூபின் மகன் இல்ஹாம் முன்னால், ஷாகிர் அவனுக்கு இடப்பக்கம். பள்ளிவாசல் வரைக்கும் ஏற்றம், ஆள் மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். ஷாகிருக்குப் பின்னால் ஒருவர் விலக, யாரும் கேட்காமலே நான் போய்த் தோளைக் கொடுத்தேன். "முத்து மாமா, ஏலுமா?" என்று இல்ஹாம் திரும்பிக் கேட்டான். நான் தலையாட்டினேன். மரம் வலது தோளில் இறங்கியது, கழுத்தோடு ஒட்டி. மஹ்ரூப் எனக்கு வலப்பக்கம். எப்போதும் போல எனக்கு வலப்பக்கம். ஆள் சுருங்கிப் போய்விட்டான், பாரமே இல்லை, அந்தக் காலத்தில் அவன் கை மட்டுமே இதைவிடப் பாரம். விலக வழியில்லாமல் கழுத்தோடு கழுத்தாகக் கிடந்தபோது ஒரு நாள் அவன் என் காதில் கேட்டான், இப்போதுதான் ஞாபகம் வருகிறது, ஏன் இப்போது ஞாபகம் வருகிறது, ஒரு நாள் பயிற்சியில், ஸ்க்ரம்முக்குள், "சங்கிலி, புடிச்சியா?" என்றான். "புடிச்சிருக்கேன்" என்றேன் நான். "புடிச்சியாடா?" என்று மறுபடி கேட்டான். பிடித்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன். விரல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு முன்னால் ஷாகிரின் வலது கை சந்தூக்கின் கம்பைப் பிடித்திருக்கிறது. ஏற்றத்தில் பாதி வழியில் அவன் சுண்டு விரல் விரிகிறது, அடுத்த விரல் விரிகிறது, கை கம்பின் மேல் சும்மா கிடக்கிறது, ஈரத் துணி காயப் போட்ட மாதிரி. அவன் அவசரமாக இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடிக்கிறான். சந்தூக்கு ஒரு சாய்வு சாய்ந்து நிமிர்ந்தது. "பாத்து, பாத்து" என்றார்கள். அழுகிறான், பொடியன் தளர்ந்துவிட்டான், பாவம் என்றார்கள்.

பள்ளி முற்றத்தில் வைத்தார்கள். நானும் ரத்னபாலவும் செருப்புக் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றோம். இல்ஹாம் முன்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமி, இவர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். நான் எத்தனையோ ஜனாஸாவில் கேட்டிருக்கிறேன், காதில் விழுந்தாலும் மனதில் விழுந்ததில்லை. "எங்கட வாப்பா யாருக்கும் கடன் குடுக்க ஈந்தா எனக்கிட்ட வந்து செல்லுங்க, நான் பொறுப்பு. யாருக்கும் மனசு நோகிற மாதிரி ஒரு வார்த்த பேசியிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுக்கோங்க." கூட்டம் முழுக்க ஒரு முணுமுணுப்பு, மன்னித்தோம், மன்னித்தோம் என்று, ஓட்டில் மழை விழுவது மாதிரி. என் வாய் திறக்கவில்லை. பேசிய வார்த்தையைக் கேட்கிறான். பேசாத வார்த்தையை யார் பொறுப்பெடுப்பது. அவன் போய்ச் சொன்னானே, அது இல்லை என் கடன், சத்தியமாக இப்போது பார்த்தால் அது இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள், நோன்புக் கஞ்சியை மகனிடம் கொடுத்தனுப்பாமல் அவனே தூக்கு வாளியோடு வந்து, என் முகத்துக்கு நேரே, "சங்கிலி, நான்தான் சொன்னேன், இதனாலதான் சொன்னேன்" என்றிருந்தால். நான் அடித்திருப்பேன். அடித்துவிட்டுக் கஞ்சியைக் குடித்திருப்பேன்.

தொழுகை முடிந்து, புதைக்க மையவாடிக்கு எடுக்குமுன் ஷாகிர் செருப்புத் தேடி எங்கள் பக்கம் வந்தான். நான் அவனை மதிலோரமாகக் கூப்பிட்டேன். "தம்பி, வலது கையில மூணு விரலா, முழுக் கையுமா?" அவன் முகம் மூடிக்கொண்டது. "ஒண்டுமில்ல அங்கிள். தூங்கல்ல, அதுதான்." "எத்தன நாளா?" "ஒண்டுமில்லண்டு செல்றேனே." "ரத்னபால என்கிட்ட கேட்டிருக்கான். நான் இதச் சொல்லப் போறேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லப் போறேன். முதல்ல டொக்டர்கிட்டக் காட்டு. கழுத்த." அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தக் கண்ணாடியிலோ பார்த்திருக்கிறேன். "உப்பாக்கு மேல ஈக்கிற கோவத்த எனக்கிட்ட தீக்கிறீங்களா? இண்டைக்கே?" "கோவம் இருக்கு. அது வேற." "உப்பாக்கும் தெரியும்" என்றான் அவன். "ரெண்டு மாசமா தெரியும். கோப்ப கையால விழுந்திச்சி, கண்டார். அவர் ஒத்தருக்கும் செல்லல்ல. எனத்துக்கு அழுறீங்கண்டு கேட்டேன், ஒண்டும் செல்லல்ல, என்ட கைய புடிச்சிக்கொண்டு ஈந்தார். அவரே செல்லல்ல, நீங்க யாரு?" செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லையா. என்னைப் பற்றிப் போய்ச் சொன்னவன், தன் பேரனைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன். சொந்த ரத்தம் என்றா, எனக்குச் செய்ததை இவனுக்குச் செய்ய மனம் வரவில்லையா, அப்படியென்றால் எனக்குச் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது கிழவனுக்குத் தைரியம் போய்விட்டதா, ஒரு தரம் சொல்லி ஒரு சிநேகிதனை இழந்தவன், இன்னொரு தரம் சொல்லிப் பேரனையும் இழக்கப் பயந்தானா. அழுதானாம். எதற்கு அழுதான். யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு யாருக்காக அழுதான். எனக்குத் தெரிய வேண்டும். கேட்க ஆள் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது முட்டிக்கொண்டு நிற்கிறது, மஹ்ரூப், நீ என்னைக் காப்பாற்றியிருந்தால் இவனைக் கைவிட்டாய், இவன் மேல் பாசம் என்றால் என் மேல் என்ன. என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் உன் பேரன் முகத்துக்கு நேரேயும் உனக்குச் சொல்ல வந்திருக்கும். நீ சொல்ல வேண்டியதை இப்போது நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவன் வெறுப்பை மட்டும் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

மையவாடியில் எல்லோரும் மண் அள்ளிப் போட்டார்கள். நானும் அள்ளினேன், வலது கையால்தான் அள்ளினேன், குழியருகே போகுமுன் பாதி மண் விரலிடுக்கால் கொட்டி என் கால் மேலேயே விழுந்தது. மறுபடி அள்ளினேன், மறுபடி கொட்டியது. ரத்னபால என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "பொடியனுக்குக் கழுத்தில நரம்பு நசுங்குது" என்றேன். "கை பிடிக்கல. போட வேணாம். வைத்தியம் பாத்திட்டு அடுத்த வருஷம் பாருங்க." "சத்தியமா சொல்றீங்களா முத்து அண்ணே?" "அவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்றேன்." அவன் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான். குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷாகிர் அதைப் பார்த்தான், பிறகு என் பக்கம் பார்க்கவேயில்லை. பார்க்க மாட்டான். பல வருஷம் பார்க்க மாட்டான், எனக்குத் தெரியும் அது எப்படி என்று, காலையில் எழும்பும்போதே அந்தக் கோபமும் கூடவே எழும்பும்.

ஆட்கள் கலைந்தபிறகு இல்ஹாம் வந்தான், முழங்கால் வரைக்கும் சிவப்பு மண். அவனுக்கு அந்தப் பழைய கதை தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. என் வலது கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான், அவன் பிடிப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. "முத்து மாமா, அங்க எல்லாரும் சென்னாங்க. நீங்க செல்லல்ல, நான் கண்டேன். வாப்பாவ மன்னிச்சீங்களா?" புதிதாகக் குவித்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. யாரோ தலைமாட்டில் ஒரு செடியை நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் நிற்காமல் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. பசியோடு நிற்கிறான் பிள்ளை, உதடு காய்ந்திருக்கிறது, வாப்பாவின் அதே உதடு.

"போ மகன்" என்றேன். "போய்ச் சோறு தின்னு."